‘டூ’ என்னும் பொல்லாத வார்த்தை

இங்கிலீஷ் பாஷையில் ‘டூ’ என்று ஒரு வார்த்தை உண்டு. எண்ணிக்கையில் வரும் ‘இரண்டு’ அல்ல; ‘அளவுக்கு மிஞ்சி’ என்று பொருள்படும் சின்னஞ்சிறு வார்த்தை. அது நம் பிள்ளைகளைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. “ ‘டூ’வை நீக்கி, ‘ஸோ - தட்’ சேர்த்து, பொருள் மாறாமல் வாக்கியத்தைத் திருப்பி எழுதுக” என்று கேள்வித்தாள் கட்டளையிடும். ரென், மார்ட்டின் என்னும் இருவர் 1930-களில் வெளியிட்ட இலக்கணப் புத்தகம் இந்த அப்பியாசத்தைத் தேசமெங்கும் பரப்பிவிட்டது. ஆரணியில், பட்டுத் தறிகளின் ஓசைக்கு நடுவே, நானும் இதைப் பல வருஷங்களாகப் போதித்து வருகிறேன்.

மிகுதியைச் சொல்ல நம் தமிழில் வார்த்தைப் பஞ்சமா, என்ன? உறு, தவ, நனி என்று தொல்காப்பியர் மூன்றைச் சொன்னார். சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து நன்னூலார் ஆறாக்கினார். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ் ‘வெரி’யின் உறவினர். ‘டூ’வின் சுபாவமே வேறு. அதன் வயிற்றுக்குள் ஒரு ‘முடியாது’ ஒளிந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தறியைக் காட்டினால் போதும். பாவு ‘வெரி டைட்’ என்றால் நன்றாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ‘டூ டைட்’ என்றாலோ இழை அறுந்து போகும்; நெய்ய முடியாது! விருந்துக்குப் போய் “சாப்பாடு டூ குட்” என்று புகழ்கிறோமே, பழைய இலக்கணத்தை விடாப்பிடியாகப் பிடித்தால், அங்கேயும் ஒரு ‘முடியாது’ வந்து நிற்கும். விருந்து படைத்தவர் கதி என்ன ஆவது?

ஒரு நாள் கரும்பலகையில், ‘தி பாய் இஸ் டூ புவர் டு ஸ்டடி’ என்று எழுதிப்போட்டேன். அந்தப் பையன் படிக்க முடியாத அளவுக்கு ஏழை. ‘ஸோ புவர் தட் ஹீ கனாட் ஸ்டடி’ என்பது சரியான விடை. வகுப்பு முழுவதும் அப்படியே எழுதியது. ஒரு சிறுமி மட்டும், ‘ஸோ புவர் தட் ஹீ மஸ்ட் ஸ்டடி’ என்று எழுதியிருந்தாள். தகப்பனார் தறியில் உட்கார, தாயார் தார் சுற்றும் குடும்பம் அது.

“ ‘மஸ்ட்’ எங்கிருந்து வந்தது, அம்மா?” என்று கேட்டேன்.

“ஏழையாக இருந்தால் கட்டாயம் படிக்கணும் இல்லையா, ஸார்?” என்றாள்.

மதிப்பெண் கொடுப்பதற்கில்லை. பொருள் மாறக் கூடாது என்பது விதி. அவள் எழுதியது வேறு வாக்கியம். அதை எடுத்துச் சொன்னேன், அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அதற்குள் வகுப்பில் எல்லார் கண்ணும் அந்தக் ‘கனாட்’ மீது விழுந்துவிட்டது. ‘டூ’வுக்குள் பதுங்கியிருந்தவரையில் அது ஏதோ இயற்கை நியதிபோல் தோன்றியது. வெளியே இழுத்துப் போட்டதும், “யார் சொன்னது?” என்று கேட்க இடமுண்டாயிற்று.

சுயராஜ்யத்துக்கு இந்தியர் இன்னும் பக்குவப்படவில்லை என்று ஏகாதிபத்தியவாதிகள் சொல்லி வந்ததும் ஒரு ‘டூ’ வாக்கியந்தானே? அதில் மறைந்திருந்த ‘முடியாது’ 1947-இல் அடிபட்டுப் போயிற்று. கரும்பலகையில் நான் எழுதிய வாக்கியத்துக்கும் ஒருவர் பதில் எழுதினார். குடும்பக் கஷ்டத்தால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர் காமராஜர். அவர் முதலமைச்சராயிருந்தபோது, 1956-இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. வறுமை அன்றே ஒழிந்துவிடவில்லை. ‘ஏழை’ என்ற சொல் அப்படியே இருந்தது. ‘படிக்க முடியாது’ என்ற முடிவுதான் அசைந்து கொடுத்தது.

எல்லா ‘முடியாது’ம் பொய்யல்ல. காபி குடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால் அது மெய். ஆற்றித்தான் குடிக்க வேண்டும். ஆகையால், பெற்றோர்களே, பரீட்சையில் விதிப்படியே எழுதும்படி குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு, அந்தக் ‘கனாட்’ மெய்தானா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள்.