எழுபத்து மூன்று

கணக்கு என்ற சொல்லைக் கேட்டாலே காத தூரம் ஓடியவர்களுள் நாமும் ஒருவர். பள்ளியிறுதி வகுப்பில் தட்டுத் தடுமாறிக் கரையேறிய அன்றே அதற்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றோம். விதியின் குறும்பைப் பாருங்கள்: மத்திய அரசுப் பணியில் நமக்கு வாய்த்த நாற்காலி கணக்குப் பிரிவில்! கூட்டலும் கழித்தலும் கொண்டு காலம் தள்ளுகிறோம்.

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வில் பதினோராம் வகுப்பு மாணவனான நம் மகன் கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கி வந்தான். விடைத்தாளில் கையெழுத்திடும்போது, "இது உன்னால் ஆகாதடா, விட்டுவிடு" என்று சொல்லிவிட்டோம். நம் காலத்தில் நமக்குச் சொல்லப்பட்ட அதே சொல். மூன்று நாள் அவன் நம்மோடு பேசவில்லை. கொல்கத்தாவின் இரண்டு அறை வீட்டில் மூன்று நாள் மௌனம் என்பது எத்தகையது என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

மௌனத்தைக் கலைத்தவள் ஆறாம் வகுப்பில் படிக்கும் இளையவள். சாப்பிடும்போது திடீரென்று, "அப்பா, உலகத்திலேயே ரொம்பக் கஷ்டமான கணக்கு எது? அதை யார் போட்டாங்க?" என்று கேட்டாள். அண்ணனுக்காகவே கேட்டாள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

விவரம் அறிந்தவர்கள் பெர்மாவின் கடைசித் தேற்றத்தைச் சொல்வார்கள். 1637 வாக்கில் எழுதிவைக்கப்பட்ட அதற்கு, ஆண்ட்ரூ வைல்ஸ் என்பவரின் நிறுவல் 1995இல்தான் அச்சேறியது. அது நியாயமான விடையே. ஆனால் நமக்கு அப்போது நினைவுக்கு வந்தது வேறொன்று. அலிப்பூர் தேசிய நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய், எஸ். எஸ். பிள்ளை என்ற பெருமகனைப் பற்றிப் படித்திருந்தோம்.

சில்லறை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னோம். இந்நகரில் பேருந்து நடத்துநர் முதல் மீன்காரர் வரை எல்லோரும் 'குச்ரோ' கேட்பவர்களாதலால், அந்த டப்பா நம் வீட்டில் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஒரு நாட்டில் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களில் மட்டுமே நாணயம் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொகையையும் நான்கு நாணயங்களுக்கு மிகாமல் கொடுத்துவிடலாம். இதை நிறுவியவர் லக்ராஞ்சு, ஆண்டு 1770. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்டு வாரிங், நாணயங்கள் 1, 8, 27, 64 என்று கன எண்களாக இருந்தால் ஒன்பது போதும், நான்காம் படி எண்களாக இருந்தால் பத்தொன்பது போதும், மேலே போனாலும் இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு என்று எழுதினார். நிறுவலேதும் தரவில்லை. பேராசிரியர்களுக்கு இந்தச் சலுகை உண்டு; நாம் அப்படி ஒரு பில்லை அனுப்பினால் மறுநாளே திரும்பி வந்துவிடும்.

எந்தப் படிக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை மட்டும் 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். அவ்வரம்பு எத்தனை என்பதே பெரிய கேள்வியாக நின்றது.

மகன் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஆறாம் படிக்கு வந்தோம். இங்கே நாணயங்கள் 1, 64, 729 என்று போகும். 703 ரூபாய் கொடுக்க வேண்டும். 729 பெரிது, உதவாது. பத்து அறுபத்து நான்கு 640. மிச்சம் 63க்கு ஒற்றை நாணயங்களே கதி. ஆக மொத்தம் 73 நாணயங்கள்.

"இவ்வளவுதானா?" என்றான் மகன். மூன்று நாளுக்குப் பின் அவன் நம்மிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

இவ்வளவுதான் எளிய பாதி. 73 தேவைப்படும் ஓர் எண் இருக்கிறது என்று காட்ட நம்மைப் போன்ற குமாஸ்தாவே போதும். ஆனால் எந்த எண்ணுக்கும், எண்ணி மாளாத அத்தனை எண்களுக்கும், 73க்கு மேல் ஒரு நாணயமும் வேண்டாம் என்று நிறுவ வேண்டுமே! ஒவ்வொன்றாகப் பார்த்து முடியுமா? மிகப் பெரிய எண்களுக்கு ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஒரு முறை வகுத்தார்கள். அதன் வித்து 1918இல் ஹார்டியும் நம் இராமானுஜனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருக்கிறது. பின்னர் இரஷ்யாவின் வினோகிராதவ் அம்முறையைக் கூர்மைப்படுத்தினார். ஆயினும் அம்முறை 'போதுமான அளவு பெரிய' எண்களுக்கே செல்லும். அந்த எல்லைக்கும், கையால் சரிபார்க்கக்கூடிய சிற்றெண்களுக்கும் நடுவே கிடக்கும் பாலை கொஞ்சநஞ்சமன்று. அந்தப் பாலையைக் கடப்பதே கணக்கின் உயிர்.

கடந்தவர் யார்? அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், குற்றாலத்தை அடுத்த வல்லம் என்ற சிற்றூரில் 1901இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. ஒரு வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் மறைந்தார். அப்போது படிப்பு நின்றுபோகாமல் தாங்கியவர், செங்கோட்டைப் பள்ளியில் அவருக்குப் பாடம் சொன்ன சாஸ்திரியார் என்ற ஆசிரியர். அவர் தம் மாணவனைப் பார்த்து, உன்னால் ஆகாது என்று சொல்லவில்லை. இவ்விடத்தில் நமக்குத் தொண்டை சற்று அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தோம்.

பிள்ளை கடல் கடந்து கற்றவர் அல்லர். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கற்று, சென்னையில் ஆனந்தராவ் அவர்களிடம் ஆய்வு செய்து, 1929இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். அங்கிருந்தபடியே 1936இல், ஏழாம் படி முதல் மேலுள்ள படிகளுக்கு விடை தரும் வாய்பாட்டை, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, நிறுவினார். அமெரிக்காவில் டிக்சன் என்ற பெரும் பேராசிரியரும் ஏறக்குறைய அதே வேளையில் தனியே அதை எட்டினார். இருவருக்கும் பிடிகொடாமல் இருந்த ஆறாம் படியை 1940இல் பிள்ளை வென்றார். விடை 73.

"அந்த நிபந்தனை?" என்றான் மகன். அதை மீறும் படி ஒன்றுகூட இன்றுவரை அகப்படவில்லை. 1990இல் கணிப்பொறி கொண்டு நாற்பத்தேழு கோடிப் படிகளுக்கு மேல் சோதித்திருக்கிறார்கள். ஆனால் இல்லவே இல்லை என்று நிறுவியவர் எவருமில்லை.

1942இல் பிள்ளை கொல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் இந்நகரின்மேல் குண்டு விழுந்தது. மறு ஆண்டு பஞ்சம். நாம் பழைய புத்தகம் வாங்கப் போகும் கல்லூரித் தெருவில், அந்த நாள்களில் வேட்டி கட்டிய ஒரு தென்னாட்டார் எண்களை எண்ணியபடி நடந்திருப்பார் என்று கற்பனை செய்வது நமக்குப் பிடிக்கும். வேட்டி நம் கற்பனை. அவர் இங்கே இருந்தது உண்மை. ஆயினும் பிழைப்புக்காக இங்கே குடியேறிய நம்மில் எத்தனை வீடுகளில் அவர் பெயர் தெரியும்?

1950 ஆகஸ்டில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்தின் அழைப்பை ஏற்றும், ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளவும் புறப்பட்டார். அவர் ஏறிய விமானம் ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவை விட்டு எழுந்த சிறிது நேரத்தில் பாலைவனத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 49.

எஞ்சியது நான்காம் படியும் ஐந்தாம் படியும். நான்காம் படி 1986இல் முடிந்தது. முடித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர். மற்றவர் நம் ஆர். பாலசுப்பிரமணியன். விடை, வாரிங் சொன்ன அதே பத்தொன்பது. அந்த எண்ணைச் சொல்லும்போது மகனும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இளையவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஐந்தாம் படி?" என்றான்.

"சீனாவின் சென் ஜிங்ருன், 1964இல். விடை 37."

"நீங்க ஏன் சொன்னீங்க அப்பா? நானே கண்டுபிடிச்சிருப்பேனே" என்று எழுந்து போனான். அரை மணி கழித்து, மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் எதையோ எழுதி எடுத்துவந்தான். 32 ஆறு முறை, 1 முப்பத்தோரு முறை, மொத்தம் 223, நாணயங்கள் 37. கூட்டிப் பார்த்தோம். சரியாக இருந்தது. கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.