பரண் காலி!

கோவை காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் கணபதி. பெயரைப் பார்த்துக் கோயில் மணியை எதிர்பார்க்காதீர்கள். காதில் விழுவது லேத் சத்தம். மூக்கில் ஏறுவது ஃபவுண்டரி வாசனை. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்த ஊராச்சே!

நான் நுழைந்தது ஒரு சின்ன ஃபவுண்டரி. பம்ப்செட்டின் உடம்பை முதலில் மரத்தில் செதுக்குவார்கள். அதுதான் பேட்டர்ன். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது நூற்றுக்குச் சுமார் ஒரு பங்கு சுருங்கும். அதற்குத் தகுந்தாற்போல் மரத்தைப் பெரிதாகச் செதுக்குவதில்தான் சூட்சுமம்.

"முன்னெல்லாம் வெளியூர் பார்ட்டி பேட்டர்னைச் சாக்குல சுத்தி லாரியில அனுப்புவாங்க தம்பி. வந்து சேரவே நாலு நாள் ஆகும்" என்றார் முதலாளி.

இப்போது? வாட்ஸ்அப்பில் ஃபைல் வருகிறது. சி.என்.சி. மெஷினோ, த்ரீ-டி பிரிண்டரோ ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டர்னைச் செய்து வைத்துவிடுகிறது. பழைய பேட்டர்ன்கள் அடைந்து கிடந்த பரண் காலி. எல்லாம் ஒரு பென்டிரைவுக்குள்!

"அப்போ சௌகரியம்தானே சார்?"

"சௌகரியந்தானுங்க. ஆனா பேட்டர்ன் எங்க பரண்ல இருந்த வரைக்கும் பார்ட்டி எங்களைத் தேடி வந்தாகணும். ஃபைல் அப்படியா? இன்னிக்கு எனக்கு வர்றது, நாளைக்கு ராஜ்கோட்டுக்கும் போகுமே!"

மூலையில் ஒரு பெரியவர், பிரிண்டரில் வந்த பேட்டர்னை விரலால் தடவிப் பார்த்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த விரலை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது!