தேதி போடாத சட்டம்

அரசு மருத்துவமனையின் பின்கட்டு. கூட்டு மருந்து மையத்தின் வாசலில் நீளமான சிமென்ட் திண்ணை. 2017 மே மாதத்து வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இங்கே யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிய இளம்பெண். மடியில் பச்சைப் புத்தகம், அதன்மேல் ஒரு நாளிதழ். பக்கத்தில் சுண்ணாம்புக் கறை படிந்த கைகளோடு ஒரு கொத்தனார். வாங்கி வந்த மாத்திரைகளைப் பழைய வைட்டமின் டப்பாவில் கொட்டுகிறார். காலி டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டிக் கிழித்த பிறகே குப்பைக் கூடையில் போடுகிறார்.

"வூட்ல புள்ளைங்க எழுத்துக்கூட்டிப் படிக்குதுங்கம்மா" என்கிறார், யாரும் கேட்காமலே.

அவள் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறாள்: "கம்பெனில தெரிஞ்சிடுச்சுண்ணே. நாளைல இருந்து வராதன்னுட்டாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது என்பதற்காக ஒருவரை இப்படி வேலையைவிட்டு அனுப்புவதைத் தடைசெய்யும் சட்டம் அதற்கு முந்தைய மாதம்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. மார்ச் 21 மாநிலங்களவை, ஏப்ரல் 11 மக்களவை, ஏப்ரல் 20 குடியரசுத் தலைவர் ஒப்புதல். ஆனால் அந்தத் திண்ணைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. மத்திய அரசு அறிவிக்கும் நாளில்தான் அமலுக்கு வரும் என்று சட்டத்தின் முதல் பிரிவே சொல்லியிருந்தது. அந்த நாளை அரசு அப்போதுவரை அறிவிக்கவில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சட்டத்துக்கான வரைவு 2006-இல் சுகாதார அமைச்சகத்தின் கைக்குப் போனது. மசோதாவாக மாநிலங்களவைக்கு வந்தது 2014 பிப்ரவரியில். அடுத்த சில மாதங்களில் மக்களவை கலைந்தது, ஆட்சியும் மாறியது. மாநிலங்களவையில் அறிமுகமானதால் மட்டுமே மசோதா காலாவதியாகாமல் தப்பியது.

மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேமரா இல்லாத அறை. அங்கே கட்சிக்காகக் குரல் உயர்த்த வேண்டியதில்லை. அதிகாரியை எதிரில் உட்காரவைத்துப் பிரிவு பிரிவாகக் கேள்வி கேட்கலாம். நம் நாடாளுமன்றத்தின் நல்ல வேலைகளில் பாதி அந்த அறைகளில்தான் நடக்கிறது என்பேன். தேர்தலுக்குப் பின் புதிதாக அமைந்த குழு 2015 ஏப்ரலில் அறிக்கை தந்துவிட்டது. அதற்குப் பிறகு திருத்தங்களுக்கு அமைச்சரவை ஒப்புதல் தர 2016 அக்டோபர் ஆனது. ஒன்றரை ஆண்டு! அந்த ஒன்றரை ஆண்டில் கோப்பு எந்த மேசையில் இருந்தது என்று எந்தக் குழுவும் அழைத்துக் கேட்டுவிட முடியும். கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் வெறும் அறிவுரை அல்ல. சிகிச்சை மறுக்கப்பட்டால் மாநிலத்தின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும், உயிருக்கு ஆபத்தென்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். புகார் கொடுத்தவருக்கு மணிக்கணக்கில் தீர்வு தரச் சொல்லும் சட்டம், தன்னை எழுதிய அரசுக்கு மட்டும் அமலாக்க ஒரு கெடுவும் வைக்கவில்லை. மருந்து தருவது பற்றிய 14-ஆம் பிரிவிலும் 'இயன்ற வரை' என்றே எழுதப்பட்டது. எல்லோருக்கும் இலவசச் சிகிச்சை உண்டு என்று அமைச்சர் ஜே.பி. நட்டா அவையில் உறுதி சொன்னார். அவையில் சொன்னது சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை.

சட்டம் அமலாகும் நாளை இன்னும் ஏன் அறிவிக்கவில்லை என்று 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. ஒப்புதல் கிடைத்து ஏறத்தாழ பதினேழு மாதம். நாட்டில் தொற்றோடு வாழ்ந்தவர்கள் அப்போது சுமார் 21 லட்சம் பேர்.

நீதிமன்றம் கேட்ட கேள்வி நாடாளுமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு சுகாதார மசோதாவிலும் அமலாகும் கடைசி நாளை எழுதச் சொல்லி நிலைக்குழு வற்புறுத்தட்டும். அந்த நாள் தவறினால் அமைச்சர் அவைக்கு வந்து காரணம் சொல்லட்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, இதைக் கேட்டீர்களா என்று அவரிடம் கேளுங்கள்.