ஆடி மசக்கை

ஜூலை 3, 2024

கோடு இரண்டு. ஒன்று அழுத்தமாக, மற்றொன்று சாயம் போனதுபோல் வெளிறி. என் கணவர் ஜன்னல் ஓரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுதானே?" ரெண்டுதான்.

மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். கடையில் சொல்லக் கூடாது என்பதை நானே தீர்மானித்தேன். ஆடித் தள்ளுபடி வருகிறது. அந்த நேரத்தில் பில் கவுண்டரில் உடம்பு சரியில்லாதவளுக்கு வேலை இல்லை.

ஜூலை 5

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் வாரம் எண்ணுகிறார்கள். அதாவது கரு உண்டாகாத முதல் இரண்டு வாரமும் கணக்கில் சேரும். கடையில் இப்படி வரவு எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார். டாக்டர் அட்டையில் பிரசவத் தேதி மார்ச் 3 என்று எழுதிக் கொடுத்தார். மாசி மாதம். சித்திரை இல்லை என்றதும் அத்தைக்கு முகம் மலர்ந்தது.

இனி தினம் ஒரு ஃபோலிக் ஆசிட் மாத்திரை.

ஜூலை 9

காபி பிடிக்கவில்லை. எனக்கு, காபி!

பஸ்ஸில் நெரிசல். யாருடைய முழங்கையாவது மார்பில் பட்டால் உயிர் போகிறது. கவுண்டரை விட்டு எழுந்து எழுந்து கழிப்பறைக்குப் போகிறேன். சூப்பர்வைசர் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைக்குள் நுழைந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாடையும் சாய வாடையும் முகத்தில் அறைகின்றன. இந்த வாடை பிடித்துத்தான் ஜவுளிக்கடை வேலைக்கே வந்தேன்.

ஜூலை 11

வாந்தி. வாந்தி. ரசம் சாதம் தங்கியது, ஒரு மணி நேரம்.

ஜூலை 14

கண்டுபிடித்தவை: வயிறு காலியாக இருந்தால்தான் குமட்டல் கூடுகிறது. தலைமாட்டில் ரஸ்க் டப்பா. எழுந்து உட்காரும் முன்பே படுத்தபடி ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டு, கொஞ்சம் பொறுத்து எழுந்தால் காலை தப்பிக்கிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை, நடுவே வாய் வாயாக. பொரி, மோர், உப்பு நாரத்தங்காய் ஒத்துக்கொள்கின்றன. கடை மாடியில் சாம்பார் வாளியைத் திறந்தார்களோ, தொலைந்தேன்.

இஞ்சி சிலருக்குக் கேட்கிறதாம். எனக்கு நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

ஜூலை 17, ஆடி 1

காலையில் பாவாடையில் பழுப்பாக ஒரு கறை. சின்னதுதான். கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அத்தை கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் எங்களுக்கு முன் நீள வரிசை. எதிர்ச் சுவரில் கருவின் பாலினம் சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை. ஆணோ பெண்ணோ, உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்று அந்தப் பலகையிடம்தான் வேண்டிக்கொண்டேன். உள்ளே அந்த டாக்டர் பேசவே இல்லை. திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். நான் அவர் முகத்தையே படித்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு, அதற்குள் ஏதோ படபடவென்று. "துடிப்பு நல்லா இருக்கும்மா. ஏழு வாரம்."

எங்கள் டாக்டரம்மாவிடம் படுத்தே இருக்கட்டுமா என்று கேட்டேன். "முதல் மூணு மாசத்துல நாலு பேர்ல ஒருத்தருக்கு இந்த மாதிரி கொஞ்சம் படும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. நீ படுத்தா நிக்கும், நடந்தா போயிடும்னு இல்ல. ரத்தம் சிவப்பா நிறையப் பட்டாலோ, வயிறு இழுத்து வலிச்சாலோ உடனே வா."

மதியம் கடைக்குப் போய்விட்டேன். ஆடி முதல் நாள், வாசல் வரை கூட்டம்.

ஜூலை 18

கறை இல்லை.

ஜூலை 22

தண்ணீரும் தங்கவில்லை. டாக்டரம்மா சிறுநீர் சோதித்துவிட்டு மாத்திரை எழுதினார்: டாக்சிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்தது, இரவு ஒன்று. என் கணவர் முகம் கறுத்துவிட்டது. மாசமா இருக்கும்போது வாந்திக்கு மாத்திரையா? இவர் பயத்துக்கும் காரணம் உண்டு. தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. 1961இல்தான் அதை விற்பனையிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள்.

இது அது இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த இரண்டும் அடங்கிய மருந்து அமெரிக்காவில் 1956இலேயே வந்தது. வழக்குமேல் வழக்கு வந்து, கெடுதல் என்று நிரூபணம் ஆகாமலே 1983இல் கம்பெனி நிறுத்திக்கொண்டது. 2013இல் அந்த நாட்டு அரசு மறுபடி அனுமதித்தது. நடுவில் அத்தனை வருஷம் அங்கே வாந்தி எடுத்த பெண்களை யார் கணக்கில் வைத்தார்கள்?

போட்டுக்கொண்டேன். கல்லாய்த் தூங்கினேன்.

ஜூலை 27

சேலைப் பிரிவு அக்கா என் மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். பிரித்தால் காய்ந்த நாரத்தங்காய். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. "நீ டீ குடிக்கிறத நிறுத்தின அன்னைக்கே தெரியும்" என்றார்.

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மாடிப்படி அடியில் நின்றோம். அவருக்கு முதல் கரு தங்கவில்லை, வேறொரு கடையில் வேலை பார்த்தபோது. "நின்னதாலன்னு டாக்டர் சொல்லல. நான்தான் அப்படி நினைச்சுக்கிட்டு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. மாசமா இருந்ததயே சொல்லலயே, போனத எப்படிச் சொல்றது? ரெண்டாம் நாள் வேலைக்கு வந்துட்டேன்."

2021இல் நம் தமிழ்நாட்டு அரசு சட்டம் திருத்தியது, கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று. எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். ஆள் இல்லாதபோது உட்காரலாம். ஆடியில் ஆள் இல்லாத நேரம் எது?

அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாரத்தங்காயை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

காவிரியில் கரை தொட்டுத் தண்ணீர். அம்மா மண்டபப் படித்துறைக்கு அத்தை மட்டும் போய்வந்தார். சித்ரான்னத்தில் எலுமிச்சம்பழச் சாதம் தங்கியது, தேங்காய்ச் சாதம் தங்கவில்லை.

"நாங்கல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே நாத்து நட்டோம்" என்று அத்தை வழக்கம்போல் ஆரம்பித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. எழுந்து போய்விட்டேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போது தானாகவே பேசினார். "அடுப்புச் சாம்பல எடுத்துத் தின்பேன். உங்க மாமா பாத்துட்டாருன்னா வைவாருன்னு முந்தானையில முடிஞ்சு வச்சுக்குவேன்." இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு மண், சாம்பல் மேல் ஆசை வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அத்தையிடம் அதைச் சொன்னேன். "அப்ப யாரு சொன்னா?" என்று தட்டைக் கவிழ்த்தார்.

ஆகஸ்ட் 7

காலையில் குமட்டல் இல்லை. ரஸ்க் தின்னாமலே எழுந்தேன். காபி வாசம்கூட ஒன்றும் செய்யவில்லை. சந்தோஷம் பல் விளக்கும்வரைதான். பிறகு ஒரே பயம். ஏன் நின்றது? நாள் முழுக்க பில்லில் தப்பு வந்துவிடுமோ என்று இரண்டிரண்டு தரம் கூட்டினேன்.

ஆகஸ்ட் 8

விடியும் முன்பே வாந்தி. பேசினில் முகம் கழுவியபடி சிரித்தேன். இவர் பயந்துவிட்டார்.

ஆகஸ்ட் 11

வாந்திக்கு மனசுதான் காரணம், தைரியமாக இரு என்று சின்ன மாமியார் போனில் சொன்னார். மனசு இல்லை: ஜி.டி.எஃப்.15 என்று ஒரு ஹார்மோன் கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் ஏராளமாக வருகிறது. முன்பு உடம்பில் அது குறைவாக இருந்தவர்களைத்தான் அதிகம் படுத்துகிறது. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. ஆய்வாளர்களில் ஒருவரான மார்லேனா ஃபெய்சோ தானே கடும் வாந்தியில் ஒரு கருவை இழந்தவர். சின்ன மாமியாரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சரிங்க அத்தை என்றேன்.

ஆகஸ்ட் 14

அடுத்த வாரம் மூன்றாம் மாத என்.டி. ஸ்கேன். அதுவரை அத்தையின் தடை நீடிக்கிறது. நான் மீறிவிட்டேன்: மேனேஜரிடம் சொல்லி, டாக்டரம்மாவின் சான்றிதழோடு விடுப்பு விண்ணப்பம் கொடுத்தேன். "மெட்டர்னிட்டி லீவு கடைசியிலதானம்மா?" என்றார். அவர் கேட்டதிலும் பாதி சரி. 26 வார விடுப்பில் பிரசவத் தேதிக்கு முன்னால் எடுக்கக்கூடியது எட்டு வாரம்தான். ஆனால் இப்போது, 2024இல், நடப்பில் உள்ள 1961ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டத்தின் 10ஆம் பிரிவில், கர்ப்பத்தால் வரும் நோய்க்குச் சான்று காட்டினால், அதற்கு மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு. பிரிவை அச்செடுத்து இணைத்திருக்கிறேன். பார்க்கிறேன் என்றார். பதில் இன்னும் வரவில்லை.

அக்காவுக்கும் எழுதிக் கொடுத்தேன், புதிதாகக் கல்யாணமான சுடிதார் பிரிவுப் பெண்களிடம் சொல்லச் சொல்லி: மாதச் சம்பளம் 2024 வரம்பான 21,000க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், இதே ஒரு மாதத்தை ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றோடு அங்கேயே கேட்க வேண்டும். மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.