என் வேலித் தூதுவளை

திருத்தணியில் எங்கள் தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் என் வீட்டு வேலிக்குத்தான் வருவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம்.

தூதுவளை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. சிவந்து பழுத்த பழத்தின் விதை போதும். முற்றிய தண்டைச் சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றினாலும் துளிர்க்கும். ஏறுவதற்கு ஒரு வேலி வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். தண்டெல்லாம் கொக்கி முள், இலையிலும் முள். ஆனாலும் கத்தரிக் குடும்பமாயிற்றே, கத்தரியைத் தின்னும் புள்ளி வண்டு இதையும் விடாது. பச்சையைச் சுரண்டி இலையைச் சல்லடையாக்கிவிடும்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்பு ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. வண்டைக் கையால் பொறுக்கியிருக்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்திருக்கலாம். சோம்பல். மல்லிகைக்கு வாங்கி வைத்திருந்த மருந்தை அடித்தேன். டப்பாவில் மஞ்சள் முக்கோணம். கடும் விஷம் என்று அதற்குப் பொருள்; எனக்குத் தெரியும். இலைக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து, கழுவினால் போகாது. அதுவும் தெரியும்.

இரண்டொரு நாளில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். பேரனுக்கு மார்ச்சளி. "மருந்து கிருந்து அடிச்சியா?" என்று கேட்டார்.

"என் வேலியிலயா? சேச்சே, இல்லக்கா."

வாய் தவறி வந்த பதில் இல்லை. ஒரு நொடி யோசித்தேன். மருந்து படாத கீரை என்று ஊரெல்லாம் பீற்றி வைத்திருந்தேன். அந்தப் பேர் போய்விடுமே என்று பொய் சொன்னேன்.

இலையைப் பச்சையாக இடித்து, சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரவே பையனுக்கு வாந்தி. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணையாக நானும் போனேன். சுருங்கிய கண்மணியைப் பார்த்ததும், பூச்சிமருந்து என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். "அரைக்கீரை சார். தூதுவளைச் சாறும் கொடுத்தோம், ஆனா அது இவங்க வீட்டுது, அதுல ஒண்ணும் இருக்காது" என்று அக்கா என்னைக் கைகாட்டினார். நான் தலையாட்டினேன்.

அட்ரோபின் ஊசி போட்டார்கள். பிழைத்தான். முதன்முதலில் பெல்லடோனா என்ற செடியிலிருந்து எடுத்த மருந்து அது. அதுவும் கத்தரிக் குடும்பம்தான்.

பழி கீரைக்காரம்மா மேல் விழுந்தது. நகரிப் பக்கத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருகிறவர். மறுநாள் தெருவில் மடக்கிக் கத்தினார்கள். "ஆந்திராக் கீரை" என்று ஒருவர் கூடையை எட்டி உதைத்தார். 1960 வரை திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது! தெலுங்கும் தமிழுமாக அந்த அம்மா ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு குனிந்து, மண்ணில் உருண்ட கட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கினார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

பல மாதம் கழித்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. நியாயம்தான்.

கீரைக்காரம்மா எங்கள் தெருவுக்கு அப்புறம் வரவில்லை. நகரி பக்கத்து ஊர்தான், பஸ் நிறைய உண்டு. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பயம், வேறு காரணம் இல்லை.