குண்டு பல்பு எரிந்த மார்கழி

சென்னைக்கு ஏது குளிர்காலம் என்று கேட்பவர்கள் மார்கழி மாதம் காலை நாலரை மணிக்கு அம்பத்தூரில் நின்று பார்க்காதவர்கள். வெப்பமானி 20, 21 என்றுதான் காட்டும். டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் அங்கே எங்கள் வெங்கடாபுரத்தில் குரங்குக் குல்லா இல்லாத வாட்ச்மேனையும், காதைச் சுற்றி மப்ளர் கட்டாத பால்காரரையும் அந்த மாதத்தில் நான் பார்த்ததே இல்லை. அந்தக் குளிரில்தான் என் முப்பத்தெட்டாவது வயதில் ஓடக் கற்றுக்கொண்டேன். இன்று அந்த ஊரை விட்டு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டை நினைத்து ஏங்கவில்லை. ஒழுகுகிற மொட்டை மாடி வீடு அது. அந்த நாலரை மணியைத்தான் தேடுகிறேன்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2019-ல் சர்க்கரை பார்டரில் இருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடந்தேன். நடையில் சலிப்பு வந்து ஓட்டமாயிற்று. அலுவலகத்தில் கூட வேலை செய்த பெண் ஒருத்தி, ஜனவரியில் சென்னை மாரத்தான் வருகிறது, அரை மாரத்தானுக்குப் பேர் கொடுங்கக்கா என்று விளையாட்டாகச் சொன்னாள். சென்னை ரன்னர்ஸ் அமைப்பினர் நடத்துவது. 21.1 கிலோமீட்டர். அவளுக்கு விளையாட்டு; நான் பணம் கட்டிவிட்டேன். கட்டிய பணம் வீணாகக் கூடாது என்கிற ஒரே வைராக்கியத்தில் ஓடியவள் நான். உடல்நலம், மனவலிமை என்றெல்லாம் பிற்பாடு சேர்த்துச் சொல்லிக்கொண்டதுதான்.

நம் ஊரில் ஓட்டப் பயிற்சியின் பாதி மழைக்காலத்தில் போய்விடும். ஜனவரிப் பந்தயத்துக்கு செப்டம்பரில் தொடங்கவேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தெருவில் வெட்டிப் போட்ட பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது. மழை இல்லாத நாளில் புழுக்கம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வேர்வை காய்வதில்லை. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? மாரத்தான் ஓட 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் உத்தமம் என்பார்கள். நமக்கு அந்தப் பத்து இந்த ஜென்மத்தில் கிடையாது. அதனால்தான் நம் ஓட்டக்காரர்கள் மார்கழியை அப்படிக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் என் சிக்கல் மழையும் இல்லை, புழுக்கமும் இல்லை. இருட்டு.

ஆறரைக்குள் வீட்டுக்கு வந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டவேண்டும். விடிந்தபின் ஓடினால் நாலு கிலோமீட்டர் தாண்டாது. அதற்குள் சென்னை–திருவள்ளூர் சி.டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோவும் கம்பெனி பஸ்களும் நிறைந்துவிடும். பத்து, பன்னிரண்டு ஓடவேண்டும் என்றால் நாலே முக்காலுக்கு இறங்கியாகவேண்டும். நவம்பரில் இரண்டு நாள் இறங்கிப் பார்த்தேன். தெருவில் நாய்களும் நானும்தான். மூன்றாம் நாள் ஒரு பைக் பின்னால் மெதுவாக வந்தது. வேகமாகவும் போகவில்லை, நிற்கவும் இல்லை. திரும்பி வீட்டுக்கு ஓடினேன். இதுவரை நான் ஓடியதில் மிக வேகமான அரை கிலோமீட்டர் அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் இரண்டு நாள் ஸ்கூட்டரில் கூடவே வந்தார். மூன்றாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “மொட்டை மாடியில ஓடேன்” என்றார்.

பிறகு மார்கழி பிறந்தது.

முதல் நாள் கதவைத் திறந்தால் தெரு நிறைய பெண்கள். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளி, ஒரு கையில் கோலமாவு டப்பா. வாசலுக்கு வாசல் லைட் எரிகிறது. எங்கோ கோயில் குழாயில் திருப்பாவை. தண்ணீர் தெளிக்கும் சத்தம், துடைப்பம் பெருக்கும் சத்தம், பதினைந்து புள்ளி எட்டு வரை ஊடு புள்ளியா நேர் புள்ளியா என்று எதிர்வீட்டோடு ஒரு சண்டை. வருடா வருடம் நானும் அவர்களில் ஒருத்தியாக நின்ற தெருதான். ஆனால் ஓடுகிறவள் கண்ணால் அன்றுதான் பார்த்தேன். மற்றப் பதினோரு மாதமும் அந்த நேரத்தில் வெளியே நிற்கிற பெண்ணை என்ன வேலை இவளுக்கு என்று பார்க்கிற ஊர், மார்கழியில் மட்டும் வாசலுக்கு வராத பெண்ணைத்தான் கேட்கும்: உடம்பு சரியில்லையா?

யோசித்துப் பார்த்தால் திருப்பாவையில் பத்துப் பாட்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு இருட்டில் தெருவோடு போகிற விஷயம்தானே. ஆண்டாள் இந்த ஏற்பாட்டை என்றைக்கோ செய்துவிட்டாள். உலகம்தான் தாமதம். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தய நிர்வாகி ஒருவர் பாய்ந்து அவர்மேல் இருந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். 1972-ல்தான் அங்கே பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல், பி.டி. உஷா தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு நொடியில் வெண்கலத்தைக் கோட்டைவிட்ட அதே லாஸ் ஏஞ்சல்ஸில்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு ஒன்று. வாசலில் குண்டு பல்பு. அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முதல் நாள் என்னைப் பார்த்துக் கோலமாவுக் கையோடு நிமிர்ந்தார்.

“ஏம்மா, காலங்காத்தால யாரு துரத்தறாங்க உன்னை?”

“யாரும் இல்லம்மா. சும்மா ஓடறேன்.”

“சும்மாவா? சும்மா எதுக்கு ஓடணும்? ரெண்டு குடம் தண்ணி எடுத்து வைய்யேன்.”

அவர் போடுவது புள்ளிக் கோலம் இல்லை, படிக்கோலம். வாசலை அடைத்துக்கொண்டு, நாலு பக்கமும் காவி பூசி, நடுவில் சாணிப் பிள்ளையார்மேல் பூசணிப்பூ. அம்பத்தூரில் அவருக்கு மட்டும் தினம் அந்தப் பூ எங்கிருந்து கிடைத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கோலத்தை மிதிக்கக் கூடாதென்று தெருவின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்து ஓடுவேன். அப்படியும் ஷூவின் அடியில் வெள்ளையும் காவியும் அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கழற்றினால் பள்ளங்களில் எல்லாம் மாவு. எறும்பு வந்து மொய்த்ததும் உண்டு. நிஜ அரிசிமாவு போட்டவர் அந்தத் தெருவில் இன்னும் இருந்தார் என்று அதில்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து அந்த பைக் மறுபடி வந்தது. அதேதானா என்று சத்தியம் செய்ய முடியாது. அதே மெதுவான வண்டிச் சத்தம். ஓட்டு வீட்டருகே நெருங்கும்போது அந்த அம்மா கோலத்திலிருந்து எழுந்து, இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில், “பாப்பா, வந்துட்டியா? நில்லு, காபி கலக்கறேன், மாமா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு” என்றார். அந்த வீட்டில் மாமா யாரும் இல்லை. அவர் போய்ப் பல வருடம் ஆயிற்று என்று பிற்பாடு தெரிந்தது. எதிர்வீட்டில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அடுத்த வீட்டில் இன்னொருத்தி. பைக் வேகமெடுத்துப் போய்விட்டது. காபி நிஜமாகவே வந்தது. சர்க்கரை கூடுதல், டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

“எத்தனை மணிக்குத் திரும்புவே?” என்று கேட்டார்.

“ஆறு ஆயிடும்மா.”

மறுநாளிலிருந்து கோலம் முடிந்து அவர் உள்ளே போனபிறகும் அந்த பல்பு எரிந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து டிவியைக்கூட அளந்து போடுகிற வீடு. நான் திரும்பிக் கடந்ததும் உள்ளே சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்கும். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுந்தூரம். டிபன் பாக்ஸ் இல்லாத நாள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்திலிருந்து சி.டி.எச். ரோட்டைப் பிடித்துத் திருமுல்லைவாயில் வழியாக ஆவடி. அந்த நேரத்திலேயே ஆவின் வண்டிகள் நீல டிரேக்களை இறக்கிக்கொண்டிருக்கும். டீக்கடையில் இரவு ஷிப்ட் முடிந்த ஆண்களும், ஏற்றுமதித் துணிக் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் பெண்களும். ஆவடி வரும்போது இருட்டு கரையத் தொடங்கியிருக்கும். 1961-ல் வந்த டாங்கித் தொழிற்சாலை, ராணுவக் குடியிருப்பு, சி.ஆர்.பி.எஃப்., காவல் பட்டாலியன் என்று ஊரே சீருடை ஊர் அல்லவா. அங்கே ஓடுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளைப் பார்ப்பேன். ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடத்தில். பெண்களுக்கு 400 மீட்டர் இரண்டரை நிமிடத்தில். செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். அதில் ஒரு பெண், அரசுப் பள்ளியின் பழைய விளையாட்டுச் சட்டை, தேய்ந்த கேன்வாஸ் ஷூ, கொஞ்ச தூரம் என்னோடு வந்தாள்.

“அக்கா, 21 கிலோமீட்டரா? ஜெயிச்சா எவ்ளோ குடுப்பாங்க?”

“நான் எங்கடா ஜெயிக்கிறது. ஓடி முடிச்சா ஒரு மெடல்.”

“சும்மா சேத்துக்குவாங்களா?”

“இல்ல, நாமதான் பணம் கட்டணும்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். அதற்குப்பிறகு என் வைராக்கியத்தைப் பற்றி நான் யாரிடமும் பெருமையடித்ததில்லை.

பருத்திப்பட்டிலிருந்து காடுவெட்டி தாண்டி, கூவம் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கரையான்சாவடி வழியாகப் பூந்தமல்லி. மொத்தம் பதினேழு கிலோமீட்டர் சொச்சம். அங்கே திருக்கச்சி நம்பி பிறந்த ஊர்க் கோயில், வரதராஜப் பெருமாள். மார்கழியில் வாசலிலேயே பூ வாசனையும் நெய் வாசனையும். தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் வாங்கி, மதிலோரம் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஓடி முடித்த உடம்புக்கு மாவுச்சத்தும் உப்பும் வேண்டுமென்று பாக்கெட்டில் அடைத்து எதையெதையோ விற்கிறார்கள். அந்தத் தொன்னையில் இரண்டும் இருந்தன, முந்திரி வேறு. வேர்வையோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே இருக்கும்.

பந்தயம் மார்கழி இருபது தேதிவாக்கில் வந்தது. இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடத்தில் முடித்தேன். கடற்கரை, கூட்டம், மேளம், மெடல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அதற்காக ஏங்குகிறேனா என்றால் இல்லை. மெடலைக் கொண்டுபோய் ஓட்டு வீட்டு அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்து, “பித்தளையா?” என்றார்.

அந்த மார்ச்சில் ஊரடங்கு. அடுத்த வருடம் மகள் படிப்புக்காக ஓ.எம்.ஆர். பக்கம் வந்துவிட்டோம். பதினான்காவது மாடி. கீழே ஓடுவதற்கென்றே சிவப்புப் பாதை, இருபத்துநாலு மணி நேரமும் விளக்கு, கேமரா, விசிலோடு செக்யூரிட்டி. எந்த பைக்கும் பின்னால் வராது. பாதையைச் சுற்றி வந்தால் 420 மீட்டர். அரை மாரத்தானுக்கு ஐம்பது சுற்று. இருபதாவது சுற்றிலேயே செக்குமாடு ஞாபகம் வந்துவிடும். கதவுக்குக் கதவு ஸ்டிக்கர் கோலம். மார்கழிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் பத்து மணிக்குக் கோலப்போட்டி வைப்பார்கள், குக்கர் பரிசோடு. குறை சொல்லவில்லை, போன வருடம் நானும் கலந்துகொண்டேன். பத்து மணிக் கோலத்தை யாரும் இருட்டில் தாண்டி ஓடவேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

போன மார்கழியில் உறவுக்காரர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வெங்கடாபுரம் போய் இரவு தங்கினேன். ஷூவை எடுத்துப் போயிருந்தேன், வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. நாலே முக்காலுக்கு இறங்கினேன். தெருவில் கோலங்கள் இருந்தன, ஆனால் முந்தின இரவே பத்து மணிக்குப் போட்டு முடித்தவை. தனி வீடுகள் பல அடுக்குமாடி ஆகிவிட்டன. கீழே கார்கள், இரும்பு கேட். கேட்டுக்கு உள்ளே எங்கே வாசல், எங்கே தெளிப்பது? ஓட்டு வீடு இருந்த இடத்திலும் நாலு மாடி. அந்த அம்மா மகனோடு ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

நான் நெருங்கியதும் கேட்டின் மேலே பளீரென்று ஒரு சென்சார் விளக்கு எரிந்தது. நான் கடந்ததும் அணைந்துவிட்டது.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இன்னும் விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். இந்த மார்கழியில் உங்கள் தெருவழியாக ஒருத்தி ஓடிப்போனால், கோலம் முடிந்து உள்ளே போகும்போது வாசல் லைட்டை அணைத்துவிடாதீர்கள். ஆறு மணி வரைக்கும் எரியட்டும். அவள் திரும்பி வரவேண்டும்.