கல்மாலை யார் முடிவு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக் காலனியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு கல்மாலை செய்கிறோம். பூண்டிப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய செம்புக் கம்பி. கல்லில் துளை போட வேண்டாம். கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இறுகச் சுற்றி, மேல்முனையை நோஸ் பிளேயரால் வளைத்தால் பதக்கம் தயார். கழுத்தில் கீறாதபடி கம்பி முனையை உள்ளே அழுத்திவிட வேண்டும்.

"பொம்பளப் புள்ளைங்களுக்குக் கல்லையா மாட்டுறீங்க? குண்டுமணித் தங்கத்துக்கு வழி பண்ணக் கூடாதா?" என்று ஓர் ஆயா கேட்டார். நியாயமான கேள்வி.

திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன், வெள்ளி அணியக் கூடாது, கல்லுமாலைதான் அணிய வேண்டும் என்பது சாதிக் கட்டளை. பார்த்ததுமே சாதி தெரிய வேண்டுமாம். 1915இல் அய்யன்காளி முன்னின்ற கொல்லம் கூட்டத்தில் அந்தப் பெண்கள் கல்லுமாலைகளை அறுத்தெறிந்தார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்திலும் 1930இல் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை கூடாது என்பது அதில் ஒன்று.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தான் கம்பியைக் கையில் கொடுக்கிறோம். எந்தக் கல், எந்த நிறம், போடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். நாளை சம்பாதித்துத் தங்கம் வாங்கினாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. "இவங்களுக்கு இதுவே அழகு" என்று பாராட்ட மட்டும் யாரும் வர வேண்டாம். அந்தப் பாராட்டுக்குள் பழைய கட்டளை ஒளிந்திருக்கிறது.